இலையைக் கடித்துப் பார்த்தவர்

அவர் வாயில் எப்போதும் இலை இருக்கும். முதல் நாள் வெற்றிலை என்று நினைத்து முகத்தைச் சுளித்தேன். பட்டுப்புழு வளர்க்கும் மனைக்குள் வெற்றிலை, புகையிலை, பீடி, ஊதுபத்தி எதுவும் ஆகாது என்று பயிற்சி வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். இங்கே குழுவின் தலைவியே வாசலில் நின்று ஆடு மாதிரி அசைபோட்டுக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

"என்னக்கா இது, நீங்களே வெத்தல போட்டுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றேன்.

அவர் மென்றதை உள்ளங்கையில் துப்பி என் மூக்குக்கு நேரே நீட்டினார். பச்சை விழுது. புல் வாசனை.

"வெத்தல இல்ல மேடம். சொப்பு. புழுவுக்குப் போடறதுக்கு முன்னாடி நான் போட்டுக்கறேன்."

மல்பெரி இலையை அந்தப் பக்கத்துத் தமிழர்களும் கன்னடத்தில் சொல்வது போல சொப்பு என்றுதான் சொல்வார்கள். வெட்டிக் கட்டி வந்த ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு இலை கிள்ளி, பல்லில் கடித்து, கண்ணை மூடிக் கொஞ்சம் நிற்பார். பிறகு "போடு" என்பார். அந்த வார்த்தை வரும்வரை உள்ளே ஒரு பெண்ணும் கையை நீட்ட மாட்டாள். கோயிலில் திரை விலகக் காத்திருப்பவர்கள் மாதிரி எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நான் பெங்களூர் அல்சூர்க்காரி. கிராமத்துப் பெண்களுக்குப் பட்டுப்புழு வளர்க்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு சின்ன அறக்கட்டளையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். மெட்ரோ, பஸ், ஷேர் ஆட்டோ என்று மாறி மாறி அத்திபெலேயைத் தாண்டி அந்த ஊரில் போய் இறங்கும்போது இடுப்பு கழன்றுவிடும். அங்கே நான் பார்த்த பெண்களில் அக்காவை மட்டும் மறக்க முடியவில்லை. அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதட்டுமா என்று அவரையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போய்க் கேட்க இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்காவுக்கு எதிலும் தான்தான் முதலில் போக வேண்டும். பெருமைக்காக இல்லை. புது விஷயம் எது வந்தாலும் அதை முதலில் தன் உடம்பில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களை விடுவார். "மொதல்ல நான். எனக்கு ஒண்ணும் ஆவலன்னா நீங்க வாங்க," என்பார். கொரோனா ஊசி போட நர்ஸ் வந்தபோது ஊரில் ஒரு பெண்ணும் கையைக் கொடுக்கவில்லையாம். அக்கா போய்ப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறார். பெண்கள் களையெடுத்துக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "பாத்தாச்சில்ல? உசுரோடதான் இருக்கேன். போங்கடி," என்றாராம். மறுநாள் வரிசை கட்டிப் போனார்கள்.

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது ரத்னம்மா. குழுவிலேயே வயதில் சின்னவள். அவளுக்கு அக்கா என்றால் உயிர். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். ஒருத்தி சாகிறாளா இல்லையா என்று ஊரே ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒருத்திகூட அவர் பக்கத்தில் போய் உட்காரவில்லை.

அந்தப் பெண்கள் ஏன் பட்டுப்புழுவுக்கு வந்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. அதற்கு முன்னால் எல்லோரும் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ரோஜாத் தோட்டத்துக்குத் தினம் வேனில் ஏறிக் கூலிக்குப் போனவர்கள். தோட்டம் என்றால் ஏதோ குளுகுளுவென்று இருக்கும் என்று நினைக்காதீர்கள். பிளாஸ்டிக் போர்த்திய நீள நீளக் கொட்டகைகள். உள்ளே இட்லிப் பானை மாதிரி வேகும். உட்காரக்கூடாது. ஒன்றுக்குப் போக மேஸ்திரியைக் கேட்க வேண்டும். மருந்து அடித்த ஈரம் காய்வதற்குள் பூவெட்டப் போகச் சொல்வார்கள். ஒருநாள் ரத்னம்மா உள்ளேயே மயங்கி விழுந்தாள். அவளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அவள் நின்ற இடத்தில் வேறொருத்தியை நிறுத்தினார்கள். அதைப் பார்த்த அக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நடந்து வெளியே வந்தார்.  அவர் பின்னாலேயே மற்றவர்களும் வந்துவிட்டார்கள்.

அப்புறம்தான் எங்கள் அறக்கட்டளை. பெண்கள் சேர்ந்து மல்பெரி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பொதுவில் ஒரு புழு மனை கட்டினார்கள். உள்ளே ஆளுக்கொரு தட்டு வரிசை, அவளவள் புழு அவளவள் வளர்ப்பு. இலை மட்டும் பொது. முதல் கூடு மார்க்கெட்டுக்குப் போய் வந்த அன்றைக்கு ரத்னம்மா மாமியாருக்கே மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். "இனிமே அந்த வேன்ல ஏற மாட்டோம்" என்று சாமி படத்துக்கு முன்னால் எல்லோரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்த வேனில் திரும்ப ஏறக்கூடாது.

அந்த வேன் தினமும் காலையில் புழு மனையைத் தாண்டித்தான் போகும். மேஸ்திரி முன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். நல்ல மனிதர் மாதிரிதான் சிரிப்பார். வாசலில் வேகத்தைக் குறைத்து ஹார்ன் அடிப்பார்.

"இன்னாம்மா, புழு மேய்ச்சாச்சா? சலிச்சுப் போச்சுன்னா சொல்லுங்க. வண்டி தினம் இந்த வழிதான் வருது."

அக்கா பதில் சொல்ல மாட்டார். வாயில்தான் இலை இருக்கிறதே.

இலையைக் கடிக்கும் பழக்கம் எப்படி வந்தது என்றால், இரண்டாவது வளர்ப்பில் பக்கத்து நிலத்துக்காரர் தக்காளிக்கு மருந்து அடித்திருக்கிறார். காற்று இந்தப் பக்கம். யாருக்கும் தெரியாது. அக்கா சும்மா ஒரு இலையை வாயில் போட்டவர் தூவென்று துப்பி, "வெக்காதீங்க, கசக்குது," என்று கூச்சல் போட்டிருக்கிறார். அவசரத்தில் ஒருத்தி தன் கீழ்த்தட்டில் மட்டும் போட்டுவிட்டாள். அந்தத் தட்டு மட்டும் பொழுது சாய்வதற்குள் செத்தது. மற்றது அத்தனையும் பிழைத்தது. அன்றிலிருந்து அக்காவின் நாக்குத்தான் குழுவுக்கு எல்லாம்.

பட்டுத்துறையிலிருந்து வந்த அதிகாரி இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அம்மா, புழுவைக் கொல்ற அளவு மருந்து மனுஷ நாக்குக்குத் தெரியவே தெரியாது. அன்னிக்கு அவன் அள்ளிக் கொட்டியிருக்கான், அதனால கசந்தது. கொஞ்சம் புழுவைத் தனியா எடுத்து வெச்சு, அதுக்குப் போட்டு, மறுநாள் வரைக்கும் பாருங்க. அதுதான் முறை," என்றார்.

அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நாலாம் ஜுரம் எழுந்த புழு மறுநாள் வரைக்கும் பட்டினி கெடக்குமா சார்?" என்றார்.

புழு தோலுரிக்கும் முன்னால் தின்னாமல் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். அதை ஜுரம் என்பார்கள். நாலாவது ஜுரம் எழுந்துவிட்டால் பேய்ப்பசி. பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் அப்பளம் நொறுக்குகிற மாதிரி மனை முழுக்கச் சத்தம் கேட்கும். அந்தப் பசியில் காத்திருக்கச் சொன்னால் நடக்காது என்பது அதிகாரிக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்னதும் சரி, பிசகே இல்லை. நான் அக்காவிடம் தனியாக எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "இதுவரைக்கும் தப்பு வந்துதா கண்ணு?" என்று ஒரே பதில். மேடம் போய்க் கண்ணு ஆகியிருந்தேன். அது ஒன்றுதான் மிச்சம்.

வைட்ஃபீல்டிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்த கூத்தையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு நன்கொடை கொடுக்கிறவர்கள். சாதனைப் பெண்களோடு போட்டோ எடுக்க வேண்டுமாம். காரிலிருந்து இறங்கும்போதே சென்ட் வாசனை தெருமுனை வரை வந்தது. அக்கா வாசலில் குறுக்கே நின்று, ஒவ்வொருவராகக் கழுத்துக்குக் கிட்டே முகர்ந்து பார்த்து, "நீ வேணாம் சாமி. நீயும் வேணாம். அந்தம்மா மூஞ்சி கழுவிட்டு வரட்டும்," என்று பிரித்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. பாதிப்பேர் வெளியே வெயிலில் நின்றார்கள்.

அவர்களே பிறகு ஒருநாள் அக்காவையும் ரத்னம்மாவையும் தங்கள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு மேடையேற்றினார்கள். ஒரு பையன் மைக்கில், தலைவி என்றால் யார் என்று கேட்டான். அக்கா மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் பொறுத்து அதை ரத்னம்மாவிடம் கொடுத்தார். "இவ்ளோதான்," என்றார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நானும்தான் தட்டினேன். ரத்னம்மா அந்தத் தண்ணீரை அதற்குப் பிறகுதான் குடித்தாள். தாகத்தில் நாக்கு வறண்டு போயிருந்தவள், மூடி கழற்றாத இன்னொரு பாட்டில் தன் முன்னாலேயே இருந்தும் அதைத் தொடவில்லை.

இந்த நேரத்தில்தான் ரோஜாத் தோட்டம் ரோட்டைத் தாண்டியது. பக்கத்து நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறி, எங்கள் மல்பெரியைச் சுற்றி மூன்று பக்கமும் பிளாஸ்டிக் கொட்டகைகள் எழும்பின. வெயில் நேரத்தில் பக்கத்துத் திரையைச் சுருட்டிவிட்டு மருந்து அடிப்பார்கள். புகை மாதிரி வெளியே வரும். எந்தக் கொட்டகையில் என்றைக்கு என்று நமக்குத் தெரியாது. அக்கா மேஸ்திரியிடம் நேரில் போய்க் கேட்டார். நானும் கூட இருந்தேன்.

"அடிக்கிறத வேணாங்கல. எந்தப் பக்கம் அடிக்கிறீங்கன்னு முன்னாடி ஒரு வார்த்த சொல்லுங்க. அந்தப் பக்கம் சொப்பு வெட்டாம இருந்துக்கறோம்."

"எனக்கே காலையிலதாம்மா தெரியும். ஓனர் போன் பண்ணுவாரு, நாங்க அடிப்போம். உங்களுக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? அந்த மருந்து டேங்க் தூக்கற ஆளுங்களே ஒரு சீசனுக்கு மேல நிக்கறதில்ல," என்றார் மேஸ்திரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எங்கள் அலுவலகத்திலும் சொன்னேன். பேசலாம், பார்க்கலாம், கூட்டம் போடலாம் என்றார்கள். கிணற்றில் போட்ட கல்தான்.

அதற்குப் பிறகு அக்கா கடிக்கும் இலைகள் கூடின. மூன்று பக்கமும் தனித்தனியாகக் கிள்ளி மென்றார். விழுங்கவும் ஆரம்பித்தார். விரல்கள் லேசாக நடுங்குவதைப் பார்த்து, "என்னக்கா இது?" என்றேன். "வயசாவுது, பின்ன குறையுமா?" என்றார். அப்படி ஒன்றும் வயதில்லை அவருக்கு.

ஒருநாள் ரத்னம்மா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அவள் பச்சை மிளகாயை அள்ளிப் போட்டு ஒரு சட்னி அரைத்திருந்தாள். என்ன மிளகாயோ, வாயில் வைத்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. மூக்கில் தண்ணீர் கொட்டுகிறது. ஒருத்தி சர்க்கரை டப்பாவைத் தேடி ஓடுகிறாள். ரத்னம்மா தன் தலையில் தானே குட்டிக்கொள்கிறாள். ஒரே அமர்க்களம், சிரிப்பு. அக்கா மட்டும் களியைக் கிள்ளிக் கிள்ளி அந்தச் சட்னியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். கண் கலங்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. "இன்னாடி உப்பே போடல?" என்றார்.

எல்லோரும் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். நான் கையைக் கழுவிவிட்டு அவர் கையைப் பிடித்தேன்.

வெளியே இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "எத்தனை நாளா அக்கா உங்களுக்கு ருசி தெரியல?"

அவர் தெருவைப் பார்த்தார். "கத்தாத. உள்ள காதுல விழும்."

"விழட்டுமே! நாக்கு செத்துப்போச்சு, இன்னும் அந்த நாக்கை வெச்சு இலை பாக்கறேன்னு நிக்கிறீங்களே, இது நியாயமா?"

"நாக்கு போனா வயிறு இருக்கில்ல கண்ணு? ஒரு கை நெறையத் தின்னுட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கறேன். மருந்து இருந்தா வயிறு சொல்லிடும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில்தான். அவர் இதைப் பல மாதமாகவே செய்துகொண்டிருக்கிறார். வாந்தி வந்த நாட்களும் உண்டாம். அந்த நாட்களில் இலையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். புழு பிழைத்திருக்கிறது. அதனால் தன் வயிறு வேலை செய்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

"யார்கிட்டயும் சொல்லாத. பயந்துடுவாங்க. பயந்தா வேன்ல ஏறிடுவாங்க," என்றார்.

நான் சொல்லாமல் இருக்கவில்லை. அன்றைக்கே ரத்னம்மாவிடமும் மற்றவர்களிடமும் போட்டு உடைத்தேன். அவர்கள் என்னை நம்பவில்லை. நம்ப விரும்பவில்லை என்பதுதான் சரி. "அக்கா நாக்குக்கு ஒண்ணும் ஆவாது. நீங்க சிட்டிக்காரங்க, காரம் தாங்கல, அதான்," என்று ரத்னம்மா சிரித்தாள். இன்னொருத்தி என் முகத்தைப் பார்க்காமல் இலையை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு வேறு என்ன இருந்தது சொல்லுங்கள்.

பிப்ரவரி வந்தது. காதலர் தினத்துக்காக ரோஜாவுக்கு அது திருவிழாக் காலம். பெங்களூரில் சிக்னலுக்கு சிக்னல் காகிதம் சுற்றிய ஒற்றை ரோஜாவைக் கார் கண்ணாடியில் தட்டித் தட்டி விற்பார்கள். அல்சூரில் எங்கள் தெருமுனையில்கூட வாளி வாளியாக வைத்திருந்தார்கள். பூச்சி கடித்த ஒரு இதழ் இருந்தாலும் அந்தப் பூவை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் கொட்டகைகளில் விடாமல் மருந்து. அதே வாரம் எங்கள் புழுக்கள் நாலாம் ஜுரம் எழுந்தன. அந்த வருடத்திலேயே நல்ல வளர்ப்பு அது. விரல் தடிமனுக்கு, பால் மாதிரி வெள்ளையாக, ஒன்றைப்போல் இன்னொன்று. கூடு கட்டுவதற்கான மூங்கில் சந்திரிகைகளைக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்பக்கத்து இலை தீர்ந்துவிட்டது. வேலியோர இலைதான் மிச்சம்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது மேற்குப் பக்கத்து இலை கட்டுக் கட்டாக வாசலில் இருந்தது. அக்கா கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தார். கடைவாயில் பச்சை. உள்ளே புழுக்கள் காலித் தட்டில் தலையைத் தூக்கித் தூக்கித் தேடிக்கொண்டிருந்தன. பெண்கள் வாசலில் நின்றார்கள்.

"அக்கா, இது வேண்டாம். வெளியில இலை வாங்கலாம். நான் ஆட்டோ சொல்றேன்," என்றேன்.

"வெளியிலருந்து வர்றதுக்குள்ள சுருங்கிப் போயிடும். யாரு எங்க வளத்ததோ, அத எப்படி நம்பறது?" என்றார். வயிற்றைத் தடவிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல. போடுங்க."

நான் குறுக்கே நின்றேன். ரத்னம்மா என்னைக் கையால் மெல்ல ஒதுக்கிவிட்டு இலையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அப்பளம் நொறுக்குகிற சத்தம் ஆரம்பித்தது. எனக்கே ஒரு நிமிடம் நிம்மதியாகத்தான் இருந்தது.

வெயில் தாழ்வதற்குள் சத்தம் நின்றுவிட்டது. புழுக்கள் தின்னவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தன. வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் கக்கின. முறுக்கிக்கொண்டு சுருங்கின. முதலில் ஒரு வரிசை, பிறகு பக்கத்து வரிசை. ஒருத்தியின் தட்டுகூடத் தப்பவில்லை. பெண்கள் அழவில்லை. ஆளுக்கொரு தட்டுக்கு முன்னால் நின்று, எதையாவது பிழைக்க வைக்க முடியுமா என்று இலையைப் பொறுக்கிப் பொறுக்கி வெளியே எறிந்தார்கள். 

யாராவது அக்காவைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. அவர் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தார். என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"எனக்கு ஏன் ஒண்ணும் ஆவல கண்ணு? ஒரு வாந்திகூட வரலியே. எனக்கு ஏன் ஒண்ணுமே ஆவல?"

திரும்பத் திரும்ப அதையே கேட்டார். தன் உடம்பு தன்னை ஏமாற்றிவிட்டது என்ற ஆத்திரம் அவர் முகத்தில் இருந்தது. 

திங்கட்கிழமை காலை. பெண்கள் டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.  வேன் வந்தது. இந்தத் தடவை மேஸ்திரி ஹார்ன் அடிக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எங்கிருந்தோ வேகமாக வந்தார். எல்லோரையும் விலக்கிக்கொண்டு முதலில் ஏறினார். ஏறியதும் திரும்பிக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"மொதல்ல நான். நான் போயிப் பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் ஒருத்தியும் ஏறக்கூடாது. வூட்டுக்குப் போங்க."

வேன் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம்வரை அந்த ரோட்டோரத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். நானும்தான். திரும்பி வந்தவரின் முடியிலும் ரவிக்கையிலும் மருந்து நாற்றம்.

"டேங்க் தூக்கற வேல வாங்கிட்டேன். ஆம்பளைங்க ரெண்டு பேர் ஓடிப் போயிருக்கானுங்க, மேஸ்திரி பேசாம கொடுத்துட்டான். எந்தக் கொட்டாயில அடிக்கணும்னு காலையில எனக்குச் சொல்லிடுவான். அடிக்கறதுக்கு முன்னாடி ரத்னம்மாவுக்கு போன் பண்ணிடறேன். அந்தப் பக்கம் வெட்டாதீங்க. நீங்க போயி புழு முட்ட வாங்குங்க," என்றார்.

நாக்குக்குத் தெரியாதது, வயிற்றுக்குத் தெரியாதது, மருந்தைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரியும். அவர் கணக்கில் ஒரு குற்றமும் இல்லை. பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "வேணாம்க்கா" என்று ஒருத்தி சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

அடுத்த வளர்ப்பு தப்பித்தது. அதற்கடுத்ததும் தப்பித்தது. மருந்து அடிக்கிற நாட்களில் காலையில் ரத்னம்மாவின் போன் அடிக்கும். "இன்னிக்கு வடக்கால" என்பார் அக்கா. வடக்குப் பக்கம் ஒருத்தியும் போக மாட்டாள். எங்கள் அலுவலகத்தில் சந்தோஷம். வைட்ஃபீல்ட்காரர்கள் மறுபடி போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் அக்கா இல்லை. அவருக்கு டூட்டி.

அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு வெளியே வந்து நிற்க முடியாமல் துடித்தது. அந்த வேலையை நாளைக்கே விட வேண்டும் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். வெளியே வந்ததும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நான் நின்னுட்டா வேற எவனாவது அடிப்பான். அவன் ரத்னம்மாவுக்கு போன் பண்ணுவானா?"

எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் பஸ் ஏற்றிவிட்டேன்.

நான் அந்த வேலையை விடுவதற்கு முன்னால் கடைசியாக ரத்னம்மாவைப் பார்க்கப் போனது ஒரு காலை வேளை. வீட்டில் புது டைல்ஸ். பிள்ளைகளுக்குப் புதுச் சீருடை. காபி ஆற்றிக் கொடுத்தாள். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். அக்காவின் குரல்தான். ஆனால் குழந்தை வாயில் துணியைத் திணித்த மாதிரி ஏதோ சத்தம். கொழகொழவென்று நீளமாகப் போனது. ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. ரத்னம்மா, "சரிக்கா, ஆவட்டும்க்கா, நீ சாப்ட்டியா?" என்று வழக்கம்போலப் பேசிவிட்டு வைத்தாள்.

"எந்தப் பக்கம்னு சொன்னாங்க?" என்றேன்.

"தெரியல மேடம். ரொம்ப நாளாவே புரியறதில்ல. போன் வந்தா அன்னிக்கு எந்தப் பக்கமும் வெட்டறதில்ல, வெளியில சொப்பு வாங்கிப் போட்டுடறோம்."

"அவங்ககிட்ட சொன்னியா?"

ரத்னம்மா கதவுப் பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"நீங்களும் சொல்லிடாதீங்க மேடம், உங்களக் கும்பிட்டுக்கறேன். பேச்சு புரியலன்னு தெரிஞ்சா அக்கா வேலைய விட்டுடும். அப்புறம் எங்களுக்கு யாரு போன் பண்ணுவா?"